நூலகத்தின் பயன்கள்

“இதுக்குப் பத்துக்கு எட்டா? முன்னுரை எங்கே சார்? உள்தலைப்பு எங்கே? முடிவுரை எங்கே?”

தலைமைத் திருத்துநர் விடைத்தாளை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மேசைமேல் போட்டார். விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்த அம்மாவுக்கு ‘அடிஸ்கேல்’ என்று பட்டப்பெயர். அரை மார்க்குக்குக்கூட அசைந்து கொடுக்க மாட்டார்.

இளம் ஆசிரியருக்கு இதுதான் முதல் முகாம். காலையிலிருந்து ‘நூலகத்தின் பயன்கள்’ என்ற ஒரே தலைப்பில் நாற்பது கட்டுரைகளைத் திருத்தியிருந்தார். எல்லாம் ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்து கொட்டியவை. இது ஒன்றுதான் அவர் பேனாவை மூடிவைக்கச் செய்தது.

“ஒரே ஒரு தடவை படிச்சுப் பாருங்க மேடம்.”

“படிச்சா மனசு இளகும். அப்புறம் விதிமுறை எதுக்கு? நாலு போட்டுட்டு அடுத்ததை எடுங்க.”

“அப்ப நான் படிக்கிறேன், கேளுங்க.” அவர் மறுப்பதற்குள் ஆசிரியர் படிக்கத் தொடங்கினார்.

‘அம்மா இல்லாமல் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எங்கள் தெரு நூலகத்தில், புத்தகம் எடுத்தவர்கள் கையெழுத்துப் போடும் அட்டைகளில் அவள் இருக்கிறாள். அந்தக் கையெழுத்து உள்ள புத்தகங்களைத் தேடித் தேடி எடுக்கிறேன். எந்த இடத்தில் அவள் சிரித்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே படிப்பேன். போன மாதம் ஒரு புத்தகத்தின் ஓரத்தில், “பாப்பா இப்போதுதான் தூங்கினாள்” என்று பென்சிலால் எழுதியிருந்தது. அந்தப் பாப்பா நான்தான். எனக்கு நூலகத்தின் பயன் இதுதான்.’

ஆசிரியர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். “இதுல உள்தலைப்பை எங்க மேடம் வைக்கிறது?”

தலைமைத் திருத்துநர் கையை நீட்டி விடைத்தாளை வாங்கினார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். எதுவும் எழுதாமல் மூடினார்.

“நாலுதானா மேடம்?”

“எனக்குத் தெரியாது. இதை வேற மேசைக்கு அனுப்பிடுங்க.”

“ஏன் மேடம், அவ்வளவு பெரிய தப்பா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. இதுவும் விதிமுறைதான்.” விடைத்தாளை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே அவர் சொன்னார்:

“பெத்த பொண்ணு எழுதின பேப்பரை நான் திருத்தக் கூடாது சார்.”