எதிர்க்கடை ஸ்டூல்

அமெரிக்காவில் ஒரு பேப்பர் மில் ஊர். ஒரு காலத்தில் அங்கே முக்குக்கு முக்கு பீர்க்கடை; மில் சங்கு ஊதினால் அத்தனை கடையும் நிரம்பிவிடும். கடைசியாக ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு மிஞ்சின. போன வாரம் அதிலும் ஒன்றை மூடிவிட்டார்கள். அதன் ஸ்டூல் ஒன்று மட்டும் தெருவைத் தாண்டி மற்ற கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கால் கட்டை, உட்கார்ந்தால் ஆடும்.

“இங்க உன்மேல யாரும் உட்கார மாட்டாங்க,” என்றது அந்தக் கடையின் பழைய ஸ்டூல். “எங்க வாடிக்கைக்காரர் கஸிமிர் உங்க வாசப்படியக்கூட மிதிச்சதில்ல. உங்க பீர் கழனித்தண்ணின்னு தினமும் திட்டுவார்.”



சாயங்காலம் கஸிமிர் வந்தார். காலியாக இருந்த பழைய ஸ்டூலைத் தாண்டிப் போய், ஆடுகிற ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். குனிந்துகூடப் பார்க்காமல் இடது காலைத் தரையில் அழுத்தி ஊன்றினார். ஸ்டூல் ஆடவில்லை.

பழைய ஸ்டூலுக்குப் பொறி தட்டியது. “வெள்ளிக்கிழமையானா வயித்துவலின்னு இங்க வரமாட்டாரே...”

“அன்னிக்கு எங்க கடையில மீன் வறுவல்,” என்றது வந்த ஸ்டூல் மெதுவாக. “தின்னுக்கிட்டே உங்க பீரைத் திட்டுவார்.”

கஸிமிர் ஒரு வாய் குடித்தார். “எதிர்க்கடை பீர் இருக்கே...” என்று வழக்கம்போல ஆரம்பித்தவர், ஜன்னல் வழியே அந்தப் பூட்டிய கதவைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“கொஞ்சம் ஆடேன்,” என்றது பழைய ஸ்டூல் அவசரமாக. “பாவம், மனுஷனுக்குத் திட்டுறதுக்கு ஏதாவது வேண்டாமா?”