ரேக்கில் ஏறிய குரல்

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரேக்கில் கடைசி ஸ்க்ரூவை முறுக்கியதும் முதல் டெஸ்ட் கால் சொந்த வீட்டுக்குத்தான். எங்கள் வேலையில் அது ஒரு ராசி. இன்று எங்கள் ஏரியா ரேக்கில் நான் மாட்டியது குரல்பெட்டி. நமக்கு நேரமில்லாதபோது அதுவே போனை எடுத்தும், போட்டும் நம் குரலிலேயே பேசிக்கொள்ளும். காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். நான் கட்டவில்லை.

என் மனைவி ரெஜினா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

நேற்றுப் போட்ட சண்டையிலிருந்து அவளுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, "உன் காசுமாலையை என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன்" என்றேன்.

"அதனால என்னங்க, போட்டுக்கட்டும்."

சத்தியமாக இது ரெஜினா இல்லை.

டூல் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். அவள் வாசலிலேயே கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்.

"இப்பத்தான் போன் பண்ணி, 'தப்பு என்மேலதான், மன்னிச்சிடு ரெஜி'ன்னு உங்க குரல்ல ஒருத்தன் அழுதான். கல்யாணமான நாள்லேருந்து நீங்க அப்படிச் சொன்னதே இல்லையே. யாருங்க அவன்?"