கேமராவை இறக்கும் வரை

பிரேசிலின் ரெசிஃபே நகரத்து மேட்டுத் தெருவில் பாலம் கட்டுவதற்காக வீடுகளை இடிக்கிறார்கள். இன்று சுலெய்டியின் வீடு. வெயில் வெளுத்துக் கிடக்கிறது. தெரு நடுவே நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், கதவைக் கயிற்றால் கட்டிய ஃப்ரிட்ஜ். பல வருஷமாக இந்தத் தெருவைப் படமெடுத்து வரும் ஜுசாரா, கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறாள். "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடும்மா. ரெண்டு பேருக்கும் இனி கரண்ட் கிடையாது" என்கிறாள் சுலெய்டி, ஃப்ரிட்ஜைத் தட்டியபடி. யாரும் சிரிக்கவில்லை. இடிக்கும் இயந்திரத்திலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்க்கிறான். "அக்கா, எடுத்து முடிச்சாச்சா? ஆரம்பிக்கலாமா?" "இன்னும் இல்லப்பா, பொறு" என்கிறாள் ஜுசாரா. உண்மையில் எல்லாம் எடுத்தாகிவிட்டது: நீல ஜன்னல், சுவரில் காலண்டர் தொங்கிய இடத்தின் வெளிறாத சதுரம், வாசலில் சிந்திய மரவள்ளி மாவு. கேமராவை இறக்கினால் இடிப்பார்கள். அதனால் இறக்காமல் நிற்கிறாள். அழுகை வரவில்லை. தோள் மட்டும் கனக்கிறது. அடுத்த தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போகிறான். ஓட்டுநர் இஞ்சினை அணைத்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்கிறான். அவனுக்கும் புரிந்துவிட்டது போல. சுலெய்டி எழுந்து வருகிறாள். ஜுசாராவின் முழங்கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குகிறாள். "போதும்மா. அந்தப் பையனும் வீட்டுக்குப் போகணும்ல."