எட்டுப் பாட்டு

அக்கா கத்தியைக் கழுவவில்லை. தம்பி வந்து தன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் அதை மேசை நடுவில் அப்படியே போட்டு வைத்திருந்தாள். செய்ததை மறைக்கிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

கத்தி முனையில் ஒட்டியிருந்தது ரத்தமில்லை, கறுப்புத் துருவல். பக்கத்தில், பிளேயரின் மேலேயே கிடந்தது தம்பியின் முதல் இசைத்தட்டு. ஓரத்திலிருந்து நடு வரைக்கும் அதைக் கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தாள்.

மதியம்தான் அது வந்தது. மொத்தமாக அச்சடிப்பதற்கு முன்னால், கேட்டுப் பார்த்துச் சரி சொல்லுங்கள் என்று ஃபேக்டரியிலிருந்து அனுப்புகிற மாதிரித் தட்டு. வெள்ளை உறை, தட்டின் நடுவிலும் வெறும் வெள்ளைக் காகிதம், ஓர் எழுத்து கிடையாது. "வந்தா பிரிக்காதக்கா, நான் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி செல்போன் ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போயிருந்தான்.

அவளுக்குப் பொறுக்குமா? பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற அவள் குரல், முதல் முறையாக ஒரு தட்டில் வரப்போகிறது. எல்லாப் பாட்டையும் போனிலேயே கேட்டு வளர்ந்தவள், இசைத்தட்டு என்கிற சாமானைக் கையால் தொடுவதே அன்றைக்குத்தான். தம்பியின் பழைய பிளேயரில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு, சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

டும் டும் டும் என்று ஆரம்பித்தது. வாஷிங் மெஷினில் செருப்பைப் போட்ட மாதிரி ஒரே அடி, அதற்கு மேல் ஏதோ ஊளை. சரி, ஆடுகிறவர்களுக்குப் போடுகிற பாட்டு அப்படித்தான் இருக்கும், இதோ நம் குரல் வரும், இதோ வரும் என்று காத்திருந்ததில் முதல் பாட்டு போனது. இரண்டாவதிலும் வரவில்லை. நாலாவது முடிந்ததும் முள் தானாகவே எழுந்து தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவ்வளவுதான். எட்டுப் பாட்டு, எட்டுப் பாட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனின் தட்டில் இருந்தது நாலே நாலு. அவள் பாடிய நாலையும் காணோம்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷமும் அவன் இதையேதான் செய்தான். "தாலாட்டு மாதிரி இருக்குடா, ஆடுறவன் தூங்கிடுவான்" என்று அவன் கூட்டாளி மொட்டை சொன்னான் என்பதற்காக, அவள் குரலை வெட்டி எறிந்துவிட்டு ஏதோ கம்ப்யூட்டர் குரலை ஒட்டி இணையத்தில் ஏற்றினான். "சத்தியமா இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்க்கா" என்று கெஞ்சியதால் மன்னித்தாள். அதை நம்பித்தான் இந்தத் தடவையும், எதிரொலி வரக்கூடாது என்று துணி அலமாரிக்குள் நின்று, கம்பளிக் கோட்டெல்லாம் மூஞ்சியில் உரச, வேர்த்து வழிய ஞாயிற்றுக்கிழமை தோறும் பாடினாள்.

கதவு திறந்தது. "வந்துடுச்சாக்கா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்த தம்பி, பிளேயரைப் பார்த்ததும் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"என்னக்கா இது? யாரு பண்ணது?"

"நான்தான். கத்தியால கிழிச்சேன். பாத்தா தெரியல?"

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு வருஷ உழைப்புக்கா! சோறு தண்ணி இல்லாம உக்காந்து பண்ணது!"

"உன் உழைப்புன்னா உனக்கு வலிக்குதுல்ல? என் உழைப்பு எங்கடா? அலமாரிக்குள்ள மூச்சு முட்ட நின்னு பாடினேனே, அது எங்கடா போச்சு?"

"எது எங்க போச்சு?"

"நடிக்காத! முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் இம்மி விடாம கேட்டாச்சு. நாலு பாட்டுதான் இருக்கு. அந்த மொட்டை பேச்சைக் கேட்டு மறுபடியும் என்னைத் தூக்கிப் போட்டுட்ட! ஆஸ்பத்திரியில டாக்டர்லேர்ந்து கூட்டிப் பெருக்குறவங்க வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு அவங்க முன்னாடி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

இவன் எதிரில் அழுதுவிடக் கூடாது என்கிற ஆத்திரத்தில் இன்னும் உரக்கக் கத்தினாள்.

"ஆர்டர்ல உன் கையெழுத்து மட்டும் இல்ல, என் கையெழுத்தும் இருக்கு. ஃபேக்டரிக்கு போன் பண்ணி, 'ஒண்ணுகூட அடிக்க வேண்டாம், அச்சை உடைச்சுப் போட்டுடுங்க'ன்னு சொல்லிட்டேன். அவங்களும் உடைச்சாச்சும்மான்னு சொல்லிட்டாங்க. இனிமே நீ எனக்குத் தம்பியும் இல்ல, நான் உனக்கு அக்காவும் இல்ல!"

தம்பி கிழிந்து கிடந்த தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகத்திலிருந்த கோபமெல்லாம் வடிந்துபோய், அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டியா?"