வீட்டு முட்டை

தன் கோழிகளுக்குக் குடற்புழு மருந்து வாங்கப் போன இடத்தில், கால்நடை டாக்டரைப் பேசவிடாமல் அவருக்கே கோழி வளர்ப்பில் பாடம் நடத்திவிட்டு வந்தவர் ஹெட் கிளார்க். இப்போது டாக்டர் போனில் சொன்ன சேதியைக் கேட்டு மனைவியிடம் ஓடினார்.

"மருந்து குடுத்தா ரெண்டு வாரம் முட்டையைச் சாப்பிடக் கூடாதாம்டி!"

"சரி, சாப்பிட வேண்டாம்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"போன வாரம்தானே மருந்து குடுத்தேன்! நேத்து மேனேஜருக்கு ஒரு டஜன் முட்டை குடுத்தேனே! 'என் கோழி, என் வளர்ப்பு'ன்னு அரை மணி நேரம் அளந்துட்டு வேற வந்தேன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"நீ என்ன டாக்டரா?"

"வயித்துல பூச்சி வந்ததிலேருந்து உங்க கோழிங்க முட்டையே போடலைங்க. காலையில நீங்க வெறுங்கையோட மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றதைப் பார்க்கச் சகிக்கலை. கடையில வாங்கி நான்தான் கூண்டுல வச்சேன்."

ஹெட் கிளார்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்போ மேனேஜர், 'கடை முட்டையில இந்த ருசி வருமாய்யா'ன்னாரே?"

"போன மாசம் பூரா நீங்களும் அதையே சொல்லித்தானே சாப்பிட்டீங்க!"