எண்ணெய் வேண்டாம்

"பின்சக்கரம் தரையில படாம சுத்தணும். அதுக்கு எந்த ஸ்டாண்டுங்க நல்லது?" சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்த தீபா பதறினாள்.

"இந்தாங்க, இதுல மாட்டுங்க. செயின் இப்படிக் கத்துதே, எண்ணெய் போடவா?" என்றார் கடைக்காரர்.

"ஐயையோ, வேணாங்க!"

கிளிஞ்சல்மேட்டு வீட்டு வாசலில், கடலுக்குப் போன புருஷன் சிவபாலனின் அந்தச் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டினாள். பெடலைக் கையால் வேகமாகச் சுற்றினாள். செயின் கிறீச்சிட்டது. மணியையும் இரண்டு தரம் அடித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"மாமா, அவங்க வந்துட்டாங்க! இனியாவது சாப்பிடுங்க."

மூன்று நாளாகச் சோற்றைத் தொடாத மாமனார், பார்வையில்லாத கண்களை வாசல் பக்கம் திருப்பினார்.

"சைக்கிள் வந்துடுச்சு. மீன் வாடை வரலையேம்மா. படகு இன்னும் கரைக்கு வரல, அப்படித்தானே?"

தீபா சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"நீயும் மூணு நாளாப் பட்டினிதானே? உக்காரு" என்று தட்டை அவள் பக்கம் தள்ளினார்.