நடுவே ஒரு தலையணை

செங்கமலத்துக்கு வலது இடுப்பில் புது மூட்டு வைத்து நாலு நாளாகியிருந்தது. கால்மேல் கால் போட்டால் மூட்டு நழுவிவிடுமாம். அதனால் ஆறு வாரத்துக்கு இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை காவல்.

"அக்கா, கொஞ்சம் நகருங்களேன். அறுபத்தொரு வருஷமா இந்த வலதுகால் மேல சாய்ஞ்சே தூங்கிப் பழகிட்டேன்," என்று இடதுகால் காலையிலேயே தலையணையிடம் கெஞ்சியது.

"இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்குடி," என்று தலையணை அலுத்துக்கொண்டது.

மதியம் அந்தத் தலையணையே அசதியில் கண்ணயர்ந்து, நழுவித் தரையில் விழுந்துவிட்டது.

"போலீஸ்காரி போயிட்டா. வாடி," என்றது வலதுகால்.

இடதுகால் போகவில்லை. மருமகள் வரும்வரை கட்டில் விளிம்போடு ஒட்டி, மரத்துப்போய்க் கிடந்தது. அவள் வந்து தலையணையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"தூங்கிட்டேன்டி," என்றது தலையணை, கூச்சத்தோடு.

"படுங்கக்கா. முப்பத்தெட்டு நாள்தானே," என்றது இடதுகால்.